குற்றாலத்துச் சாரலுக்கு மேலே ஒரு கந்தகத் திரை

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் இறங்கி, தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் நிற்பவரைத் தள்ளிவிடும் வேகத்தில் வீசி, குற்றால மலையில் மேகங்களைக் குவித்துச் சாரலாகத் தெளிக்கும் சீசன் மாதங்களில், அவ்வூர்களில் இருப்போர் பார்ப்பதும் உணர்வதும் வளிமண்டலத்தின் அடிப்பகுதியில் உள்ள சில கிலோமீட்டர் கனமுள்ள காற்றை மட்டுமே. மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று ஏறக்குறைய 6 கி.மீ. உயரத்துக்கு மேல் வலுவிழந்துவிடுகிறது. அதற்கும் மேலே, 14 முதல் 16 கி.மீ. வரையான உயரத்தில், அதற்கு நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 100 கி.மீ.க்கும் மிகுந்த வேகத்தில் ஒரு காற்றோட்டம் பாய்கிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958-இல் எழுதிய ஆய்வுரையின் வழியே உலகம் நன்கறிந்த அந்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்றையும் கடந்து 17 கி.மீ. உயரத்தை எட்டினால், மேகமும் மழையும் இடியும் நிகழ்கின்ற கீழடுக்கு முடிந்து, அடுக்கு மண்டலம் எனப்படும் ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்குகிறது. எங்கோ பல்லாயிரம் கி.மீ. தொலைவில் வெடிக்கும் எரிமலை குற்றாலத்து வானத்தைத் தொடுமானால், அது தொடும் இடம் பெரும்பாலும் இந்த மேலடுக்கே ஆகும்.

காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய திடத் துகள்களுக்கும் நீர்மத் துளிகளுக்கும் அறிவியலார் இட்டுள்ள பொதுப்பெயர் ஏரோசால். அடுப்புப் புகை, வாகனக் கரி, கடல் அலையிலிருந்து தெறித்து உலர்ந்த உப்பு, பாலை மணல் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். கீழடுக்கில் கலக்கும் ஏரோசாலின் ஆயுள் குறைவு. ஓரிரு வாரங்களுக்குள் மழை அதைக் கழுவித் தரையில் சேர்த்துவிடும். அடுக்கு மண்டலத்திலோ மழை என்பதே கிடையாது. அங்குள்ள ஓசோன் வாயு கதிரவனின் புறஊதாக் கதிர்களை உறிஞ்சிச் சூடாவதால், உயரம் கூடக் கூட வெப்பமும் கூடுகிறது; குளிர்ந்த கனமான காற்று கீழேயும் சூடான இலேசான காற்று மேலேயும் அமைந்துவிடுவதால், மேல்கீழாகக் கலப்பது அரிதாகி, அங்கே சென்றுவிட்ட துகள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், தங்கிவிடுகிறது. எரிமலையின் தாக்கம் உலகளாவியதா, அந்த வட்டாரத்தோடு முடிவதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது, அதன் புகைத்தூண் இந்த எல்லையைத் தாண்டியதா என்ற ஒரு கேள்விதான்.

எரிமலை என்றதும் சாம்பலே நினைவுக்கு வருகிறது என்றாலும், மேல் வளிமண்டலத்தைப் பொறுத்தவரை சாம்பலுக்கு முதலிடம் இல்லை. சாம்பல் என்பது பொடியான பாறையும் கண்ணாடித் துகளுமே ஆதலால், அதன் பெரும்பகுதி சில நாள்களில், மிஞ்சிப்போனால் சில வாரங்களில், எடை தாங்காமல் விழுந்துவிடுகிறது. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை கக்கிய சாம்பல் ஆந்திரத்தின் ஜுவாலாபுரம் பகுதி மண்ணில் இன்றும் ஒரு வெள்ளைப் படுகையாகத் தெரிகிறது. 2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தபோது எழுந்த சாம்பல் மேகம் மறுநாள் இரவு தில்லி வானம் வரை வந்து விமானங்களை நிறுத்தச் செய்து, பின் கிழக்கே நகர்ந்து கலைந்தது. முன்னது பேரளவினது, பின்னது மிகச் சிறியது என்றாலும், சாம்பல் விழுந்தோ கலைந்தோ போய்விடும் என்பதில் இரண்டும் ஒன்றே.

வானத்தில் தங்குவது கந்தகம். வெடிப்போடு வெளிவரும் கந்தக டைஆக்சைடு என்னும் கண்ணுக்குத் தெரியாத வாயு அடுக்கு மண்டலத்தை அடைந்தபின், வெயிலின் துணையோடு நீராவியோடும் பிற மூலக்கூறுகளோடும் வினைபுரிந்து, ஏறக்குறைய ஒரு மாத காலத்தில் கந்தக அமிலமாக மாறி, முக்கால் பங்கு அமிலமும் கால் பங்கு நீரும் கொண்ட நுண்துளிகளாகத் திரள்கிறது. இத்துளிகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரும்பாலும் சிறியவை. வெயிலைத் தெறிக்கச் செய்யும் அளவுக்குப் பெரியவையாகவும், விரைவில் விழுந்துவிடாத அளவுக்குச் சிறியவையாகவும் அமைந்துவிட்டதே அவற்றின் வலிமைக்குக் காரணம். பிலிப்பைன்சின் பினதூபோ 1991 ஜூன் 15 அன்று வெடித்தபோது 15 முதல் 20 மில்லியன் டன் வரை கந்தக டைஆக்சைடு மேலே சென்றது. அந்த மேகம் மூன்று வாரங்களில் பூமியைச் சுற்றி வந்துவிட்டது.

இந்த இடத்தில் குற்றாலத்தின் இருப்பிடத்தைக் கவனிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் உள்ளது அவ்வூர். வரலாறு அறிந்த பெரும் வெடிப்புகளில் பல இதன் அண்டை அட்சரேகைகளிலேயே நிகழ்ந்தன: 1815-இல் வெடித்த தம்போரா தெற்கே 8 பாகையிலும், 1883-இன் கிரக்கத்தோவா தெற்கே 6 பாகையிலும், பினதூபோ வடக்கே 15 பாகையிலும் உள்ளன. வெப்பமண்டலத்தில் அடுக்கு மண்டலக் காற்று மெல்ல மேலேறிப் பின் இரு துருவங்களை நோக்கி நகர்வதால், இப்பகுதியில் ஏறிய கந்தகம் உடனே சிதறிவிடாமல் சில மாதங்கள் பூமத்திய ரேகையை ஒட்டிய ஒரு பட்டையாகத் தங்கி, அங்கிருந்தே சிறிது சிறிதாக உலகெங்கும் பிரிந்து செல்கிறது. தென்காசியும் திருநெல்வேலியும் யாழ்ப்பாணமும் அப்பட்டையின் அடியில் உள்ள ஊர்கள். திரை விரியும்போது முதலில் மூடப்படும் வானங்களில் அவற்றின் வானமும் ஒன்று.

இது 1883-இல் கண்கூடாக நிகழ்ந்தது. ஆகஸ்ட் 27 அன்று சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா வெடித்துச் சிதறிய பின், அதன் மேல்மேகம் கிழக்கிலிருந்து மேற்காக இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக்கையும் கடந்து, செப்டம்பர் 5 அன்று ஹவாய்த் தீவின் ஹொனலூலுவை அடைந்தது. அங்கே செரீனோ பிஷப் என்னும் பாதிரியார் கதிரவனைச் சுற்றி ஒரு மங்கலான செந்நிற வளையத்தைக் கண்டு எழுதிவைத்தார், அவ்வகை வளையம் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகிறது. செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கதிரவன் பச்சையாகவும் நீலமாகவும் எழுந்து மறைந்தது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிக்கி ஸ்மித் வெறுங்கண்ணால் வியந்ததோடு நிற்காமல், ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியைக் கதிரவன்பால் திருப்பி, சிவப்பு முனையில் ஒளி பெரிதும் குறைந்திருப்பதைக் குறித்து, எடின்பரோவின் அரசு கழகத்துக்கு அனுப்பினார். பின்னர்க் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநராக அமர்ந்தவர் இவரே.

கதிரவன் பச்சையாவது எப்படி என்பது எளிதில் பிடிபடாத ஒரு செய்தி. சாதாரணமாகக் காற்று மூலக்கூறுகள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறடிப்பதால், அடிவானத்துக் கதிரவன் சிவக்கிறது. ஆனால், மிதக்கும் துகள்கள் சிவப்பொளியின் அலைநீளத்தைவிடச் சற்றே பெரியவையாகவும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அளவினவாகவும் அமைந்துவிட்டால், இந்த விதி தலைகீழாகி, சிவப்பு மிகுதியாகச் சிதற, பச்சையும் நீலமும் மிஞ்சி வருகின்றன. அளவு ஒத்திருத்தல் என்னும் இந்த நிபந்தனை அரிதாகவே நிறைவேறும். பெரும்பாலான எரிமலைகள் செந்நிற அந்திகளை மட்டுமே தருவதற்குக் காரணம் அதுதான்.

சென்னையும் கொழும்பும் கண்ட பச்சைக் கதிரவனுக்கு மேலும் ஒரு பொருள் உண்டு. சுந்தா நீரிணையிலிருந்து மேகம் நேரே வடமேற்காக நகர்ந்து தமிழகத்துக்கு வந்ததாகக் கொள்வது இயல்பு. தேதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த இலண்டன் அரசு கழகத்தின் குழுவோ, மேகம் உலகை ஒரு முறை முழுமையாகச் சுற்றி, ஏறக்குறைய 13 நாள்களில் மீண்டும் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தபோதே இங்கு வானம் நிறம் மாறியது என்று கணக்கிட்டது. அந்நாளில் பலூனோ ராக்கெட்டோ எட்டாத உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு நிலையான காற்று வீசுகிறது என்பதை மனிதர் அறிந்தது இவ்வழியிலேதான். அக்காற்று ஏறக்குறைய 28 மாதங்களுக்கு ஒரு சுழற்சியாகத் திசை மாறுகிறது என்ற உண்மை வெளிப்பட மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின.

அடுக்கு மண்டலத்தில் கந்தகத் துளிகளாலான படலம் ஒன்று, 15 முதல் 25 கி.மீ. உயரத்தில், வெடிப்பில்லாத காலத்திலும் மெலிதாக இருந்துகொண்டே இருக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் யுங்கே பலூன்களின் வழியே 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவினார். அடுத்து 1963-இல் பாலித் தீவின் ஆகுங் வெடித்து, அந்தப் படலம் எப்படித் தடிக்கிறது, எப்படி மீண்டும் மெலிகிறது என்பதை அளந்து பார்க்கும் முதல் வாய்ப்பைத் தந்தது. அதே 1963-இல், நவம்பர் 21 அன்று, குற்றாலத்திலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், மலைக்கு அப்பால் உள்ள தும்பாவில் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. தென்காசி வட்டாரத்தின் மேல்வானத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பல, அங்கிருந்து மேலே அனுப்பப்பட்ட வளிமண்டல ராக்கெட்டுகளும் திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் தேடித் தந்தவை.

இன்றைய முதன்மைக் கருவி லைடர். லேசர் ஒளியைக் கண்ணிமைக்கும் நேரத்தினும் குறுகிய துடிப்புகளாக மேலே செலுத்தி, துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு, எத்தனை நேரத்தில் வந்தது என்பதைக் கொண்டு, எந்த உயரத்தில் எவ்வளவு ஏரோசால் உள்ளது என்று கணக்கிடும் முறை இது. பினதூபோவின் படலம் தேய்ந்துகொண்டே போனதை அகமதாபாதின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் லைடரால் தொடர்ந்து அளந்தனர். அதே குழு 1991 அக்டோபரில் ஐதராபாதிலிருந்து பலூனில் ஒளிமானியை ஏற்றி, அப்படலத்தின் ஊடாகவே அனுப்பியது. திருப்பதிக்கு அருகிலுள்ள காடங்கியில் 1998 முதல் இயங்கும் லைடர், தமிழகத்துக்கு மிக அணுக்கமான நெடுங்காலப் பதிவுகளைத் தருகிறது.

பினதூபோ செய்தவை இவை: அமிலத் துளிகள் வெயிலின் ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பியதால், 1992-இல் உலகின் சராசரித் தரை வெப்பம் ஏறக்குறைய 0.5 பாகை செல்சியஸ் குறைந்தது. அதே துளிகள் பூமியிலிருந்து மேலெழும் வெப்பக் கதிர்களை உறிஞ்சியதால், வெப்பமண்டலத்து அடுக்கு மண்டலம் 2 முதல் 3 பாகை வரை சூடேறியது. கீழே குளிர்ச்சி, மேலே சூடு என்னும் இந்த இரட்டை விளைவு எரிமலைக் கந்தகத்தின் கைரேகை எனலாம். நேர்வெயில் குறைந்தாலும் வெள்ளை வேட்டியைப் பந்தலாகக் கட்டியதுபோல ஒளி எல்லாப் பக்கமும் பரவியதால், அடர்ந்த காட்டின் அடியிலைகளுக்கும் வெளிச்சம் கிடைத்து, சில காடுகளில் ஒளிச்சேர்க்கை கூடியதும் உண்டு. துளிகளின் மேற்பரப்பில் நடந்த வேதிவினைகள், மனிதர் முன்பே வானில் சேர்த்திருந்த குளோரினுக்கு வலுவூட்டியதால், 1992-லும் 1993-லும் ஓசோன் வெகுவாகக் குறைந்தது. ஆகவே எரிமலையால் உலகம் குளிர்ந்தது என்ற ஒற்றை வரியில் இதை அடக்குவது சரியாகாது.

இனித் தென்காசியார் கேட்கக்கூடிய கேள்விக்கு வரலாம்: இந்தத் திரை சீசனைக் கெடுக்குமா? பருவமழை பிறப்பது நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதாலும், சூடான கடல் நீராவியைத் தருவதாலும். வெயில் குறைந்தால் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்து அந்த வேறுபாடு சுருங்குகிறது. கடலிலிருந்து எழும் நீராவியும் குறைகிறது. எனவே, வெப்பமண்டலத்துப் பெருவெடிப்பை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பருவமழை நாடுகளில் மழை சராசரியாகக் குறையும் என்று கோட்பாடும் கணினி மாதிரிகளும் ஒருமித்துச் சொல்கின்றன. பினதூபோவுக்குப் பிந்தைய ஓராண்டில் உலகின் நிலப்பரப்பில் பெய்த மழையும் ஆறுகளின் நீரோட்டமும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை அளவீடுகளும் காட்டின.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆகுங், 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன், பினதூபோ ஆகிய மூன்றுமே எல் நினோ நிகழ்ந்த காலத்தை ஒட்டியே வெடித்தன. பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் சூடாகும் எல் நினோ தானாகவே இந்தியப் பருவமழையைக் குறைக்க வல்லது ஆகையால், குறைந்த மழையில் எவ்வளவு கடலின் பங்கு, எவ்வளவு எரிமலையின் பங்கு என்று பிரிப்பது கடினம். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கிருஷ்ணனும் மன்மீத் சிங்கும் பிறரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முடிச்சுக்கு வேறொரு விடை தந்தது: பெருவெடிப்புக்குப் பின் எல் நினோவுக்கும் இந்தியப் பருவமழைக்கும் உள்ள பிணைப்பே இறுகிவிடுகிறது, அதனால் அடுத்து வரும் மழையை முன்கணிப்பது ஓரளவு எளிதாகக்கூடும் என்பது அதன் சாரம்.

நாடு முழுமைக்குமான சராசரியைக் குற்றாலத்துக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது பெரும் பிழை. பருவமழை நாட்டின் நடுப்பகுதியில் ஓய்ந்து நிற்கும் இடைவேளை நாள்களில், மழை இமயமலை அடிவாரத்துக்கும் தென்கிழக்குத் தீபகற்பத்துக்கும் நகர்ந்துவிடுவது வானிலையியலார் நெடுங்காலமாக அறிந்த செய்தி. வட இந்தியா வறண்டிருக்கும் வாரத்தில் தமிழகத்தின் சில பகுதிகளில் மழை கூடுவதுண்டு. பேரருவியிலும் ஐந்தருவியிலும் விழும் நீர், மலையின் சரிவு, கணவாயின் திசை, அரபிக்கடலில் அந்த வாரத்து நிலைமை ஆகியவற்றின் கூட்டுவிளைவு. தென்காசி மாவட்டத்துக் குளங்களை நிரப்புவதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக்கும் பெரும்பங்கு உண்டு. ஏதோ ஓர் எரிமலையின் பெயரைச் சொல்லி, அதனால் இவ்வாண்டுச் சீசன் பொய்த்தது என்று யாராவது எழுதினால், அதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை.

தாக்கம் எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பதே இத்துறையில் அண்மைக்காலத்தில் கிடைத்த சுவையான செய்தி. கோடைக்காலப் பருவமழையின் உயர்ந்த மேகங்கள் கீழ்க்காற்றை மேலே தூக்கிச் செல்வதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசியாவுக்கு மேலே 13 முதல் 18 கி.மீ. வரையான உயரத்தில் ஓர் ஏரோசால் படலம் ஆண்டுதோறும் உருவாகிறது. செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து 2011-இல் இது அறியப்பட்டது. இதை நேரில் அளக்க, இஸ்ரோவும் நாசாவும் இணைந்து 2014 முதல் காடங்கி, ஐதராபாத் முதலிய இடங்களிலிருந்து பலூன்களை ஏவின. 2011 ஜூனில் எரித்ரியாவின் நப்ரோ வெடித்தபோது, அதன் கந்தகம் பருவமழைச் சுழற்சியால் மேலே தூக்கப்பட்டு அடுக்கு மண்டலத்தை அடைந்தது என்று ஒரு குழுவும், வெடிப்பின் விசையாலேயே நேராக ஏறியது என்று மறு குழுவும் வாதிட்டன. முந்தைய கருத்து ஓரளவேனும் சரியென்றால், நடுத்தர வெடிப்புகூடப் பருவமழையின் தோளேறி உலகளாவிய விளைவைத் தரக்கூடும்.

எல்லாப் பெருவெடிப்பும் கந்தகத்தையே மிகுதியாக மேலே சேர்க்கும் என்ற எண்ணத்தை 2022 ஜனவரி 15 அன்று தொங்கா நாட்டின் கடலடி எரிமலை கலைத்தது. ஹுங்கா என்னும் அது ஏறக்குறைய 57 கி.மீ. உயரத்துக்குப் புகைத்தூணை எழுப்பியபோதிலும், கந்தகம் சொற்பமாகவும் நீராவி ஏறத்தாழ 15 கோடி டன்னாகவும் இருந்தது. அடுக்கு மண்டலத்து நீராவி ஒரே நாளில் பத்தில் ஒரு பங்கு கூடியது.

இயற்கை செய்வதை மனிதரே செய்தால் என்ன, விமானங்களால் கந்தகத்தை மேலே தூவிப் புவி வெப்பத்தைத் தணித்தால் என்ன என்று ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன் 2006-இல் எழுப்பிய கேள்வி இன்று கொள்கை மன்றங்களை எட்டியுள்ளது. பினதூபோவின் கணக்கு அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. வெப்பம் குறைந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓசோன் தேய்ந்ததையும் மழை குறைந்ததையும் விட்டுவிடும் அந்த வாதம் முழுமையற்றது. பருவமழையை நம்பி வாழும் நாடுகளைக் கேளாமல் இதில் இறங்க எவருக்கும் உரிமை இல்லை.

அடுத்த பெருவெடிப்பு எப்போது என்று யாராலும் சொல்ல இயலாது. வெப்பமண்டலத்தில் அது நிகழ்ந்தால், அதன் திரை தென்காசி வானத்தை எட்ட ஒரு மாதம்கூட ஆகாது. குற்றாலத்தில் மலை மேற்கை மறைப்பதால் அந்தி வானத்தைக் காண்பது கடினம்; சுரண்டை, ஆலங்குளம் போன்ற கிழக்குச் சமவெளி ஊர்களில் இருப்போர் விடியலுக்கு அரைமணி நேரம் முன்பாகக் கீழ்வானத்தைப் பார்க்கலாம். கதிரவன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே 20 கி.மீ. உயரத்துப் படலத்தின் மேல் வெயில் பட்டுவிடுவதால், வழக்கமான சிவப்புக்கு மேலே ஒரு கருஞ்சிவப்பு அல்லது ஊதா ஒளி நெடுநேரம் நிற்கும். அதைக் காண்போர் நாளையும் நேரத்தையும் குறித்து, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இலண்டன் அரசு கழகம் 1888-இல் வெளியிட்ட கிரக்கத்தோவா அறிக்கையின் பெரும்பகுதி, கப்பல் மாலுமிகளும் ஆசிரியர்களும் பாதிரிமார்களும் அப்படிக் குறித்தனுப்பிய நாள்களையும் நேரங்களையும் கொண்டே எழுதப்பட்டது.